பெரியவங்க குடலையும் பூச்சி அடைக்குமா? டாக்டர் பதில் சொல்றார்

கேள்வி: டாக்டர் சார், என் கொழுந்தனுக்கு 34 வயசு, பெங்களூர்ல கட்டட வேலை, சைட்லயே ஷெட் போட்டு தங்கியிருக்காரு. ரெண்டு நாளா வயிறு பிடிச்சுப் பிடிச்சு வலிச்சிருக்கு, வாந்தி, வயிறு உப்பிடுச்சு, காத்துகூட பிரியல. ஆஸ்பத்திரியில ஸ்கேன் பார்த்துட்டு குடல்ல பூச்சி கூட்டமா அடைச்சிருக்குன்னு சொன்னாங்க. மூக்கு வழியா டியூப் போட்டு டிரிப்ஸ் ஏத்தினாங்க, ஆபரேஷன் இல்லாமலே சரியாயிடுச்சு. ஆனா எங்க மாமியார் நம்பவே மாட்டேங்கிறாங்க, பூச்சி எல்லாம் சின்னப் பிள்ளைக்குத்தானே, இவ்வளவு பெரிய ஆளுக்கு எப்படின்னு கேக்கிறாங்க. இப்ப ஊருக்கு வந்திருக்காரு, வீட்ல ரெண்டு குழந்தைங்க, தட்டு டம்ளர் தனியா வைக்கணுமா?
(பெயர் வேண்டாம், தர்மபுரி மாவட்டம்)

பதில்: நம்பலாம்மா. மாமியார் கேட்டதுலயும் தப்பில்ல, ஏன்னா பெரியவங்களுக்குக் குடலடைப்புன்னு வந்து நின்னா நாங்களே முதல்ல பூச்சிய நினைக்கிறதில்ல. முன்னாடி செஞ்ச ஆபரேஷனால குடல் ஒட்டிக்கிட்டிருக்கா, குடலிறக்கம் மாட்டிக்கிச்சா, கட்டி இருக்கா, நம்ம நாட்டுல குடல் டிபி வேற இருக்கு, இதையெல்லாம் யோசிச்சு முடிச்ச பிறகுதான் பூச்சி ஞாபகத்துக்கு வரும். அபூர்வம்தான், ஆனா இல்லாதது இல்ல.

இதைச் செய்யறது உருளைப்புழு, ஊர்ப்பக்கம் நாக்குப்பூச்சின்னு சொல்வாங்க, எங்க புத்தகத்துல அஸ்காரிஸ். மனுஷக் குடல்ல இருக்கிற உருண்டைப் புழுக்கள்ல இதுதான் பெருசு, 15 சென்டிமீட்டர்ல இருந்து 35 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். ஒரு பொட்டைப் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரைக்கும் போடும். அந்த முட்டை மலத்தோட வெளிய வந்து மண்ணுல கிடந்து, கீரை காய்கறி கை தண்ணின்னு ஏதோ ஒண்ணு மூலமா வாய்க்குள்ள வரும். வந்த உடனே குடல்ல உக்காந்துக்கிறதும் இல்ல, குட்டிப் புழு குடல் சுவர ஓட்டை போட்டு ரத்தத்துல கலந்து நுரையீரலுக்குப் போகும், அங்கிருந்து தொண்டைக்கு ஏறி, நாம முழுங்கும்போது மறுபடியும் வயித்துக்கு வரும், அதுக்கப்புறம்தான் குடல்ல தங்கி பெருசாகும். முட்டை உள்ள போனதுல இருந்து புழு முட்டை போடற அளவுக்கு வளர ரெண்டு மூணு மாசம் ஆகும், வளர்ந்த புழு ஒண்ணு ரெண்டு வருஷம் உயிரோட இருக்கும்.

இதுல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தப் புழு நம்ம வயித்துக்குள்ள குட்டி போட்டுப் பெருகாது. உள்ள எத்தனை புழு இருக்கோ அத்தனை முட்டைய அந்த ஆள் வெளியில இருந்து முழுங்கியிருக்கார்னு அர்த்தம். அப்ப ஒருத்தர் குடலே அடைக்கிற அளவுக்குப் புழு இருக்குன்னா அவர் இருக்கிற இடத்துல தண்ணியும் கக்கூஸும் எந்த நிலைமைல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. உங்க கொழுந்தன் மேல தப்பு சொல்ல ஒண்ணுமே இல்ல, அந்த ஷெட்டுல தங்கியிருக்கிற மத்தவங்களுக்கும் மாத்திரை போய்ச் சேரணும், இல்லைன்னா அவர் திரும்பிப் போனதும் இதே கதைதான்.

பெரியவங்களுக்கு ஏன் அபூர்வம்னா, குடல் அகலம் ஜாஸ்தி, புழு எண்ணிக்கையும் பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு இருக்கிற அளவு பொதுவா இருக்காது. சிறுகுடல் முடிஞ்சு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல வழி குறுகலா இருக்கும், கூட்டமா வர்ற புழு அங்கதான் வந்து சிக்கும். பெரியவங்ககிட்ட இதே புழு பித்தக்குழாய்க்குள்ள ஏறி மஞ்சக்காமாலையும் கணைய வீக்கமும் பண்றது உண்டு, காஷ்மீர்ல இருந்து இதைப் பத்தி நிறைய எழுதியிருக்காங்க.

ஸ்கேன்ல எப்படித் தெரிஞ்சதுன்னு மாமியார் கேட்டா சொல்லுங்க, அல்ட்ராசவுண்ட்ல தண்டவாளம் மாதிரி ரெண்டு கோடு இணையா ஓடும், சில சமயம் நெளியறதே தெரியும். எக்ஸ்ரேல வெள்ளையா தெரியற பேரியம் மருந்தக் குடிச்சு படம் எடுத்தா இன்னும் ஆச்சரியம், அந்தப் புழுவும் பேரியத்த முழுங்கியிருக்கும், புழுவோட குடல் மெல்லிய வெள்ளைக் கோடா படத்துல விழும்.

டியூப் போட்டு, சாப்பாடு தண்ணி நிறுத்தி, டிரிப்ஸ் கொடுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தது சரியான வைத்தியம்தான், அடைப்பு முழுசா இல்லாத பாதி கேஸுக்கு மேலயே இப்படி விலகிடும். குடல் ஓட்டை ஆயிட்டாலோ முறுக்கிக்கிட்டாலோதான் ஆபரேஷன், அப்பவும் முடிஞ்ச வரைக்கும் குடல வெட்டாம புழுக்கூட்டத்தக் கையாலயே மெதுவா பெருங்குடல் பக்கம் தள்ளி விடுவோம்.

தட்டு டம்ளர் தனியா வைக்கவே வேண்டாம்மா. மலத்துல வர்ற முட்டை மண்ணுல ரெண்டு வாரத்துக்கு மேல கிடந்து பக்குவமானாத்தான் அடுத்தவங்களுக்கு ஒட்டும், கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாது. அவர தனியா உக்கார வச்சிடாதீங்க, பாவம், ஏற்கனவே பயந்து போயிருப்பாரு. டிஸ்சார்ஜ்ல மாத்திரை குடுத்திருப்பாங்க, நுரையீரல் வழியா சுத்திக்கிட்டிருக்கிற குட்டிப் புழு அந்த ஒரு டோஸ்ல தப்பிச்சிருக்கலாம், அதனால ரெண்டு மூணு மாசம் கழிச்சு மல டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு டாக்டர் சொன்னா திரும்ப ஒரு மாத்திரை போடட்டும்.

கேள்வி: வயித்து வலி வந்தா எங்க வீட்ல முதல்ல பூச்சி மாத்திரை, அடுத்து விளக்கெண்ணெய். அடைப்புக்கும் இது போதும்தானே?
(வாசகர், ராமநாதபுரம்)

பதில்: வேண்டாம் ஐயா, தயவுசெஞ்சு வேண்டாம். வாந்தி இருக்கு, வயிறு உப்புது, காத்தும் வெளிக்கியும் நின்னுபோச்சுன்னா அங்க வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்ல. வழி அடைச்சிருக்கிற நேரத்துல பேதிக்குக் கொடுத்தா குடல் இன்னும் வேகமா அழுத்தும், போக வழி இல்ல, குடல் கிழியற வரைக்கும் போகலாம். பூச்சி மாத்திரையும் அந்த நேரத்துக்கு உதவாது, பைரன்டெல் மாதிரி மருந்து புழுவ அப்படியே விறைக்க வச்சிடும், விறைச்ச புழுக்கூட்டம் இன்னும் இறுக்கமா அடைக்கும். அடைப்பு விலகி காத்து பிரிஞ்ச பிறகுதான் நாங்களே பூச்சி மாத்திரை கொடுக்கிறோம். விட்டு விட்டு வந்த வலி விடாத வலியா மாறுது, காய்ச்சல் வருது, வயித்தத் தொட விடலைன்னா ராத்திரி எத்தனை மணியா இருந்தாலும் கிளம்புங்க. வாந்தியில புழு வந்தா அசிங்கம்னு நினைச்சு மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் பல மணி நேரத்த மிச்சம் பண்ணும்.

கேள்வி: வணக்கம் டாக்டர். அப்பாவுக்கு 61 வயசு, கூடலூர் பக்கம் எஸ்டேட்ல முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு மாத்திரை ரொம்ப நாளா போட்டுக்கிட்டு இருந்தார். ரெண்டு மாசமா சாப்பிட்டதெல்லாம் வாந்தி, எடை குறைஞ்சிடுச்சு. எண்டோஸ்கோப்பில முன் சிறுகுடல் வீங்கி வழியே இல்லன்னு சொல்லி டிபியா இருக்கும், கேன்சரா இருக்கும்னு எங்களப் பயமுறுத்திட்டாங்க, கடைசியில சதைத் துணுக்கு டெஸ்ட்ல ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ்னு ஒரு புழு இருக்குன்னு வந்துச்சு. மூணு தடவை மலம் டெஸ்ட் பண்ணப்ப ஏன் தெரியல? மருந்துக்கு சரியாகுமா?
(மகள், நீலகிரி)

பதில்: இந்த இதழ்ல வந்த கடிதங்கள்ல இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். இந்தப் புழுவப் பத்திப் பொதுவா பேசறதே இல்ல, ஆனா வெறுங்கால்ல ஈர மண்ணுல வேலை செஞ்ச யாருக்கு வேணும்னாலும் இருக்கலாம்.

உருளைப்புழு சாண் கணக்குல வளரும்னா இது வெறும் 2 மில்லிமீட்டர்தான், கண்ணுக்கே தெரியாது. கூட்டமா சேர்ந்து வழிய அடைக்கிற சைஸ் இல்ல. இது குடல் சுவருக்குள்ள புகுந்து குடியிருக்கும், அந்தச் சுவர் வீங்கித் தடிச்சு உள்வழி சுருங்கிப் போகும், உங்க அப்பாவுக்கு நடந்தது அதுதான். எண்டோஸ்கோப்பில பார்த்தா டிபி, லிம்போமாங்கிற கேன்சர், க்ரோன்ஸ்ங்கிற குடல் அழற்சி எல்லாத்துக்கும் இதே தோற்றம், அதனால அந்த டாக்டர்கள் அந்த நோயெல்லாம் சொன்னதுல தப்பு இல்லம்மா, சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாங்க பாருங்க, அதுதான் உங்க அப்பாவக் காப்பாத்துச்சு.

இது கால் தோல் வழியா நுழையும். உருளைப்புழுவுக்கு நேர் எதிரா இது உடம்புக்குள்ளயே சுத்திச் சுத்தித் தன்னைப் பெருக்கிக்கும், வெளியில இருந்து புதுசா எதுவும் வர வேண்டாம், அதனால ஒரு தடவை புகுந்தா பல பத்து வருஷம் சத்தமில்லாம இருக்கும். ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் பர்மா ரயில் பாதையில வேலை செஞ்ச பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் ஊர் திரும்பி முப்பது நாப்பது வருஷம் கழிச்சு டெஸ்ட் பண்ணப்ப இந்தப் புழு அவங்க உடம்புல உயிரோட இருந்துச்சு, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில இதை விரிவா பதிவு பண்ணியிருக்காங்க. அதே பாதையில மலாயா தோட்டங்கள்ல இருந்து கொண்டுபோன நம்ம தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்குல அதே சேத்துல நின்னாங்கன்னு நினைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

மலத்துல ஏன் தெரியலன்னா, இது முட்டைய வெளிய அனுப்பறதில்ல, குட்டிப் புழுவத்தான் அனுப்பும், அதுவும் கொஞ்சமா, விட்டு விட்டு. சாதாரண டெஸ்ட்ல மூணு தடவை பார்த்தும் தப்பிச்சுப் போறது சகஜம். புழுவ எதிர்த்து உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடிய ரத்தத்துல பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, மலத்துல இருக்கிற குட்டிப் புழுவ வளர விட்டுப் பார்க்கிற கல்ச்சர் முறையும் இருக்கு, அதுல இன்னும் நல்லா பிடிபடும். ரத்தத்துல இயோசினோஃபில்ங்கிற வெள்ளை அணு அதிகமா இருந்தா அது ஒரு தடயம், ஆனா ஸ்டீராய்டு போடறவங்களுக்கு அந்த அணுவே குறைஞ்சிடும், அந்தத் தடயமும் மறைஞ்சிடும்.

இதுல உண்மையான ஆபத்து ஸ்டீராய்டுதான். அது எதிர்ப்பு சக்திய அடக்கும்போது இத்தனை வருஷம் அடங்கியிருந்த புழு கட்டுப்பாடு இல்லாம பெருகி, குடல்ல இருக்கிற கிருமியவும் சுமந்துக்கிட்டு நுரையீரல், ரத்தம், மூளைன்னு பரவிடும், உயிருக்கே ஆபத்து. அதுக்காக நீங்களா ஸ்டீராய்ட டக்குனு நிறுத்திடாதீங்க, அதுவும் ஆபத்து, டாக்டர் படிப்படியா குறைப்பார். புழுவுக்கு ஐவர்மெக்டின்தான் முதல் மருந்து, எடைக்கு ஏத்த மாதிரி டோஸ். கடையில கிடைக்கிற அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை ஒண்ண மட்டும் நம்பி இதை விட்டுடக் கூடாது. நேரத்துல கண்டுபிடிச்சு மருந்து போயிடுச்சுன்னா வீக்கம் வடிஞ்சு வழி திறந்துக்கும், பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. தைரியமா இருங்கம்மா. அப்பாகூட எஸ்டேட்ல வேலை பார்த்தவங்க யாராவது இப்ப ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ கிட்னி மாத்தறதுக்கோ ஸ்டீராய்டு ஆரம்பிக்கப் போறாங்கன்னா, "நான் இத்தனை வருஷம் வெறுங்கால்ல மண்ணுல வேலை பார்த்திருக்கேன்"னு டாக்டர்கிட்ட அவங்களே சொல்லணும்.

கேள்வி: ஒசாகால ஐடி வேலைல இருக்கேன். இங்க பச்சை மீன் சாப்பிட்டு ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு மூணாவது நாள் குடலடைப்புன்னு அட்மிட் பண்ணாங்க. அனிசாகிஸ்னு சொன்னாங்க. வசாபின்னு இங்க ஒரு காரமான பச்சை விழுது, அதைத் தொட்டுச் சாப்பிட்டா புழு செத்துடும்னு எல்லாரும் சொல்றாங்களே?
(வாசகர், ஜப்பான்)

பதில்: வசாபிக்கும் சாகாது, வினிகர்ல ஊற வச்சாலும் சாகாது தம்பி. அனிசாகிஸ் கடல் மீன், கணவாய் உள்ள இருக்கிற குட்டிப் புழு. மனுஷன் அதுக்குச் சரியான வீடு இல்ல, நம்ம உள்ள வளராது, கொஞ்ச நாள்ல தானா செத்துப் போகும், ஆனா சாகறதுக்கு முன்னாடி சுவர்ல தலைய நுழைச்சிடும். இரைப்பையில நுழைஞ்சா சாப்பிட்ட சில மணி நேரத்துல துடிக்கிற வலி, அங்க ஜப்பான்ல எண்டோஸ்கோப்பி வச்சே பிடிச்சு எடுத்துடுவாங்க. சிறுகுடல்ல நுழைஞ்சா ஒண்ணு ரெண்டு நாள் தாமதமா வரும், அந்த இடம் மட்டும் வீங்கி அடைக்கும். இதைத் தெரியாம அப்பெண்டிக்ஸ்னு வயித்தக் கிழிச்சுப் பார்த்த கேஸ்கள் உண்டு. டாக்டர் "என்ன சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா நேத்து ராத்திரிய மட்டும் சொல்லாம ஒரு வாரத்துக்கு யோசிச்சுச் சொல்லணும்னு அதனாலதான் சொல்றேன். அனிசாகிஸ்னு தெரிஞ்சிட்டா டிரிப்ஸ் போட்டுப் பொறுமையா காத்திருந்தாலே பெரும்பாலும் விலகிடும்.

மைனஸ் 20 டிகிரில 24 மணி நேரம் உறைய வச்ச மீன்ல இது செத்துடும்னு ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்லுது, அமெரிக்கால 7 நாள்னு வச்சிருக்காங்க. நெதர்லாந்துல 1960 வாக்குல பச்சை ஹெர்ரிங் மீன் சாப்பிட்டவங்களுக்கு இது வந்துதான் இந்த நோயே உலகத்துக்குத் தெரிஞ்சது, அவங்க 1968ல மீன உறைய வச்சுத்தான் விக்கணும்னு சட்டமே போட்டாங்க. கொதிக்கிற மீன் குழம்புல இதுக்கு வாய்ப்பே இல்ல, அம்மா கவலைப்பட்டா அதையும் சொல்லிடுங்க.

கேள்வி: என் மாமியாருக்கு வலது பக்க அடிவயித்துல கட்டி, மலம் சரியா போகல. கேன்சர்னு நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தோம், இப்ப அமீபா கட்டின்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்காங்க. கட்டி மாத்திரைல கரையுமா? எங்கள ஏமாத்தலையே?
(வாசகி, கடலூர்)

பதில்: கரையும்மா. சீதபேதி பண்ற அதே அமீபா சில பேருக்குப் பெருங்குடல் சுவர்ல நாள்பட்ட புண்ண உண்டாக்கி, அதைச் சுத்தி சதை தடிச்சு கட்டியாவே ஆயிடும், அமீபோமான்னு பேரு. கையில தொட்டா, சிடி ஸ்கேன்ல பார்த்தா கேன்சருக்கும் இதுக்கும் வித்தியாசம் சொல்றது ரொம்பக் கஷ்டம், அதே இடத்துல டிபி கட்டியும் வரும். மெட்ரோனிடசோல் ஆரம்பிச்சா நாளுக்கு நாள் சுருங்கும். அந்தக் கோர்ஸ் முடிஞ்சதும் குடலுக்குள்ள மிச்சம் இருக்கிற அமீபாவுக்குத் தனியா ஒரு மருந்து உண்டு, அதை விட்டுடாதீங்க, நிறைய பேர் வலி போனதும் நிறுத்திடறாங்க. ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா கேளுங்க: கட்டியில இருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்களா, மருந்து முடிஞ்சு சில வாரத்துல திரும்ப பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கிற கொலோனோஸ்கோப்பி பண்ணுவாங்களா? சுருங்காம அப்படியே இருந்தா மறுபடி சதை எடுத்துப் பார்க்கணும், சும்மா விடக் கூடாது.

கேள்வி: நான் நர்ஸிங் மாணவி. மத்த நாடுகள்ல வேற எந்த ஒட்டுண்ணி குடல அடைக்கும்?
(வாசகி, திருச்சி)

பதில்: ரெண்டே ரெண்டு சொல்றேன், ரெண்டும் நம்ம ஊர்ல கிடையாது. டோகோ, கானா நாடுகளோட வடக்குப் பகுதியில ஈசோஃபகோஸ்டோமம்னு ஒரு புழு, பெருங்குடல் சுவர்ல முடிச்சு முடிச்சா கட்டி உண்டாக்கும், டோகோல இருக்கிற டபாவோங் ஊர் பேரையே அந்தக் கட்டிக்கு வச்சிருக்காங்க. அதோட முட்டை மைக்ராஸ்கோப்ல கொக்கிப்புழு முட்டை மாதிரியே இருக்கும், மலத்த கல்ச்சர் பண்ணிப் பார்த்தாத்தான் வேறன்னு தெரியும்.

இன்னொண்ணு தென் அமெரிக்கால சாகஸ் நோய், 1909ல பிரேசில் டாக்டர் கார்லோஸ் சாகஸ் கண்டுபிடிச்சது. மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான, ரத்தம் குடிக்கிற பெரிய பூச்சி ஒண்ணு மூலமா பரவுற ஒத்தைச் செல் கிருமி. இது எதையும் அடைக்கிறதில்ல, குடலை நகர்த்துற நரம்புகளைத்தான் அழிக்கும், தொத்தி பல வருஷம் கழிச்சு பெருங்குடல் தொளதொளன்னு பெருத்து, மலம் தேங்கி, கடைசியில குடல் முறுக்கிக்கிட்டு அடைப்பு. பிரேசில், பொலிவியாவுல பிறந்து வளர்ந்த ஒருத்தர் எந்த நாட்டுல உங்க வார்டுக்கு வந்தாலும், பிறந்த ஊர கேஸ் ஷீட்ல எழுதி டாக்டருக்குக் காட்டுங்க. நர்ஸ் கேட்டு எழுதினதுல இருந்து நோய் பிடிபட்டது எத்தனையோ உண்டு.

கேள்வி: பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல பூச்சி மாத்திரை தர்றாங்க. நானும் என் வீட்டுக்காரரும் வருஷத்துக்கு ஒருக்கா போட்டுக்கலாமா? எனக்கு 29 வயசு, அடுத்த குழந்தைக்குப் பார்த்துக்கிட்டு இருக்கோம். அவருக்குச் சின்ன வயசுல ரெண்டு தடவை வலிப்பு வந்திருக்கு, இப்ப ஒண்ணும் இல்ல.
(வாசகி, திண்டிவனம்)

பதில்: வலிப்பையும் எழுதினீங்களே, ரொம்ப நல்லதும்மா. பிள்ளைகளுக்குத் தர்றது 2015ல ஆரம்பிச்ச தேசிய குடற்புழு நீக்கத் திட்டம், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10, ஒரு வயசுல இருந்து 19 வயசு வரைக்கும். பெரியவங்களுக்கும் பூச்சி உண்டு, தமிழ்நாட்டுல முக்கியமா கொக்கிப்புழு. வேலூர் சிஎம்சிகாரங்க திமிரியிலயும் ஜவ்வாதுமலையிலயும் பண்ணின டிவார்ம்3 ஆய்வுல சின்னவங்க பெரியவங்கன்னு பார்க்காம ஊருக்கே வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்திரை கொடுத்துப் பார்த்தாங்க. கொக்கிப்புழு குடல அடைக்காது, ரத்தத்தக் குடிக்கும், அதனால ஹீமோகுளோபின் குறைவா இருக்கிற பொண்ணுங்க இதை நினைக்கணும்.

உங்களுக்கு ஒரு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் போடறதுல பிரச்சினை இல்ல, ஆனா கர்ப்பம் இல்லைன்னு உறுதி பண்ணிட்டுப் போடுங்க, முதல் மூணு மாசத்துல போடக் கூடாது. உங்க வீட்டுக்காரர் மட்டும் தானா போட வேண்டாம். சின்ன வயசுல வந்த வலிப்புக்கு மூளையில தங்கின நாடாப்புழுக் கட்டி காரணமா இருக்கலாம், நம்ம நாட்டுல அது அபூர்வமே இல்ல, அப்படி ஒண்ணு இப்பவும் உள்ள இருந்தா இந்த மாத்திரை பட்டு அதைச் சுத்தி வீங்கி மறுபடி வலிப்பு வரலாம். ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க, இல்லைன்னா புதுசா எடுக்கணுமான்னு அவர் முடிவு பண்ணட்டும், அதுக்கப்புறம் மாத்திரையப் பத்திப் பேசிக்கலாம்.